மாஃபாத்தில் தனியே வாழ்பவரைப் படமெடுக்க: முதல் ஆவணப்படத்துக்கான செய்முறை

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் மாஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலை கிடையாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். எரிவாயு சிலிண்டர்கூட வானிலிருந்துதான் இறங்கும். அங்கே தனியே வாழும் ஒருவரைப் படமெடுக்கப் போனால், காட்சியைவிட ஒலிதான் உங்களைப் படுத்தும்.

1. முதலில் அனுமதி. மாஃபாத் 2007இல் உருவான தேசியப் பூங்காவின் மையப் பகுதியில் இருக்கிறது. தொழில்முறைப் படப்பிடிப்பு, ட்ரோன் இரண்டுக்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். (முதல் படத்துக்கு ட்ரோன் எதற்கு?) படத்தில் வருபவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அவர் வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அடையாளம் தெரியக் கூடாது. தெரிந்தால் மலையேற வருபவர்கள் கதவைத் தட்டுவார்கள்.

2. சுமை. கோல் தே பெஃப் கணவாயிலிருந்து மாஃபாத்தின் லா நூவெல் கிராமத்துக்கு நடந்து போகவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு கேமரா, ஒரு ஜூம் லென்ஸ், சின்ன முக்காலி, காலர் மைக், ரெக்கார்டர் போதும். 16 வாட்-மணி பேட்டரி, 8 வாட் இழுக்கும் கேமராவை இரண்டு மணி நேரம் ஓட்டும். மூன்று நாளுக்கு ஆறு எடுங்கள். அவருடைய சோலாரில் சார்ஜ் போடாதீர்கள். அவர் வீட்டு விளக்கு அதை நம்பித்தான் எரிகிறது.

3. நேரம் பிரிப்பது. காலை வெளிச்சம் அருமை, ஆனால் சுற்றுலா ஹெலிகாப்டர்கள் பறப்பதும் அப்போதுதான். பேச்சின் நடுவே அந்த இரைச்சல் விழுந்தால் எடிட்டிங்கில் சுத்தமாக எடுப்பது கடினம். குரலும் சேர்ந்து சிதையும். அதனால் காலையில் பேச்சில்லாத வேலைகளை எடுங்கள்: விறகு பிளப்பது, கோழிக்குத் தீனி போடுவது. ஒவ்வொரு வேலைக்கும் கை, முகம், தோளுக்குப் பின்னிருந்து, தூரக்காட்சி என நான்கு கோணம், ஒவ்வொன்றும் அசையாமல் பத்து வினாடி. வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வினாடி. முற்பகலிலேயே மேகம் ஏறிவிடும் நாட்கள் அதிகம். மேகம் மூடினால் ஹெலிகாப்டர் வராது. பேட்டிக்கு உட்கார வேண்டியது அப்போது.

4. பேட்டி. மைக்கை மார்பில், வாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். ரெக்கார்டரின் ஒலிமானியில் பேச்சின் உச்சம் -12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். தகரக் கூரையில் மழை விழுந்தால் நிறுத்திவிடுங்கள். தீவு மக்களின் பேச்சுமொழியான கிரியோலில் கேளுங்கள், பிரெஞ்சில் கேட்டால் அலுவலகத்தில் மனு கொடுப்பவர்போல அளந்து பேசுவார். "ஏன் தனியாக இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்குத் தயார் பதில்தான் வரும். "உடம்பு சரியில்லாத அன்று சமையல் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் முடிந்தபின் ஐந்து வினாடி வாயைத் திறக்காதீர்கள். நல்ல வரி பெரும்பாலும் அங்கேதான் வரும்.

5. கிளம்புமுன் ஆளில்லாத அறையின் ஓசையை ஒரு நிமிடம் பதியுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும். இரவே கார்டை இரண்டு டிஸ்க்கில் நகலெடுத்து, ஹெட்ஃபோனில் முழுதும் கேளுங்கள். பிசகு இருந்தால் மறுநாள் அங்கேயே திரும்ப எடுக்கலாம்.