ஃபாஸ்ட் என்ற சொல் நவுனா, வெர்பா, அட்ஜெக்டிவா? ரங்கூன் பிள்ளைகளுக்கு ஒரு வழி

அக்கா மகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கப் போய்க் கைக்கு வந்த முறை இது. நவுன், வெர்ப் என்றால் என்னவென்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. தனிச் சொல்லைப் பார்த்து வகை சொல்ல வேண்டாம். முழு வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள்.

2. அதற்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். எ, தி, மை வந்தால் பின்னால் ஒரு நவுன் வரும், நடுவில் வேறு சொல் இருந்தாலும் சரி. கேன், வில், மஸ்ட் வந்தால் வெர்ப். டு மட்டும் இரண்டு பக்கமும் பேசும்: 'டு ஈட்' என்றால் அடுத்தது வெர்ப், 'டு மாண்டலே' என்றால் நவுன்.

3. இனிதான் சிக்கல். பர்மியத்தில் சாப்பிடுவதற்கு 'சாதெ', வேகமாக இருப்பதற்கு 'மியான்தெ'. இரண்டுக்கும் ஒரே வால். அதனால் ஃபாஸ்ட் நம் பிள்ளைகள் காதில் வெர்ப் மாதிரியே விழுகிறது. 'தி டிரெயின் ஃபாஸ்ட்' என்று இஸ் இல்லாமல் எழுதிவிடுவார்கள்.

எதைப் பற்றிய சொல் என்று கேளுங்கள். 'எ ஃபாஸ்ட் டிரெயின்': எப்படிப்பட்ட ரயில்? அட்ஜெக்டிவ். (ரங்கூன் சுற்று ரயிலைக் காட்டி விளக்காதீர்கள், பிள்ளை சிரிக்கும்.) 'தி பாய் ரன்ஸ் ஃபாஸ்ட்': எப்படி ஓடுகிறான்? அட்வெர்ப், பர்மியத்தில் 'மியான்மியான்' என்று இரட்டிக்கிற இடம்.

'வேகமான' என்றால் அட்ஜெக்டிவ், 'வேகமாக' என்றால் அட்வெர்ப் என்று தமிழை வைத்துச் சொல்லித்தருவார்கள். பாதி தூரம்தான் போகும். 'தி டிரெயின் இஸ் ஃபாஸ்ட்' என்பதைத் தமிழில் 'ரயில் வேகமாக இருக்கிறது' என்போம். ஆனால் அங்கே ஃபாஸ்ட் அட்ஜெக்டிவ். இஸ், வாஸ், லுக்ஸ், சீம்ஸ் இவற்றை ஒட்டி வந்து, ஆளையோ பொருளையோ பற்றிச் சொன்னால், தமிழில் 'ஆக' வந்தாலும் அட்ஜெக்டிவ்தான். 'ஷி லுக்ஸ் ஹேப்பி'யும் அப்படியே. எங்கள் வீட்டில் அதிக நேரம் எடுத்தது இந்த இடம்தான்.

தீமிதிக்கு விரதம் இருக்கிறோமே, அதுவும் ஃபாஸ்ட்தான். 'வி ஃபாஸ்ட் பிஃபோர் தி ஃபெஸ்டிவல்' வெர்ப், 'எ லாங் ஃபாஸ்ட்' நவுன். ஆக நாலு வகையும் ஒரே சொல்லில்.

4. 'லி' என்று முடிந்தாலே அட்வெர்ப் என்று எழுதாதீர்கள். ஃப்ரெண்ட்லி, லவ்லி இரண்டும் அட்ஜெக்டிவ். 'ஒர்க் ஹார்டு' என்பதில் ஹார்டு அட்வெர்ப். ஹார்ட்லி என்று மாற்றினால் வேலையே செய்யாத மாதிரி அர்த்தமாகிவிடும்.

சரிபார்க்க ஆக்ஸ்போர்டு லர்னர்ஸ் டிக்‌ஷனரி போதும். சொல்லுக்குப் பக்கத்திலேயே வகையும், கீழே உதாரண வாக்கியமும் இருக்கும். பொருளை மட்டும் காட்டுகிற மொபைல் ஆப்கள் இந்த வேலைக்கு ஆகாது.

பின்சேர்க்கை: 'டீ ஷாப்'பில் டீ அட்ஜெக்டிவ்தானே என்று பலர் கேட்டிருந்தார்கள். முன்னால் வெரி போட்டுப் பாருங்கள். 'வெரி டீ' வராது, அது நவுன். ஸ்கூல் பஸ்ஸும் அப்படித்தான். 'மெயின் ரோடு' மட்டும் தகராறு: 'வெரி மெயின்' வராது, ஆனாலும் மெயின் அட்ஜெக்டிவ். அதற்கெல்லாம் டிக்‌ஷனரியைத்தான் புரட்ட வேண்டும்.