கீச்சுக் குரலுக்கு ஒரு ஃபான் கப்பாசிட்டர்

குருநகரிலை, கடலுக்குப் பக்கத்திலைதான் எங்கட வீடு. உப்புக்காத்து எந்தச் சாமானையும் விட்டுவைக்காது. சித்தப்பா விட்டிட்டுப்போன ஸ்பீக்கர் பெட்டியள் ரெண்டிலை ஒண்டு மங்கிப்போச்சு, மற்றது காதைக் கீறும். புது ருவீற்றர், அதுதான் கீச்சுச் சத்தம் போடுற சின்ன ஸ்பீக்கர், வாங்கச் சொல்லிக் கனபேர் சொல்லிச்சினம். வாங்கேல்லை.

முதல் ருவீற்றரின்ரை ரெண்டு முனையிலையும் மல்ரிமீற்றரை வைச்சுத் தடையை அளவுங்கோ. எட்டு ஓம் ருவீற்றர் ஆறு ஓம் அளவிலை காட்டும். ஒண்டும் காட்டாட்டில் கம்பி அறுந்திட்டுது, இந்த வேலையே தேவையில்லை. காட்டினால், அதுக்கு முன்னாலை இருக்கிற சின்ன உருளையைப் பாருங்கோ. அதுதான் கப்பாசிட்டர்; தாழ்ந்த சத்தத்தை மறிச்சு, உயர்ந்ததை மட்டும் உள்ளை விடுகிற படலை. பழைய பெட்டியளிலை இருக்கிறது அநேகமா நேர், மறை இல்லாத எலெக்ரோலிற்றிக், உள்ளை ஈரம் உள்ள வகை. வருசப்போக்கிலை உள்ளீரம் காய்ஞ்சு, தடை கூடி, மேல்சத்தம் மங்கும்.

என்ரை பெட்டியிலை 4.7 மைக்ரோபரட். காயிறதுக்கு ஈரமில்லாத பொலிபுறப்பிலீன் வகை கேட்டு கஸ்தூரியார் வீதிப் பக்கம் ரெண்டு கடை ஏறினன், கிடைக்கேல்லை. பேந்துதான் மண்டையிலை பட்டுது: சீலிங் ஃபான் கப்பாசிட்டருக்குள்ளை இருக்கிறதும் அதுதானே! 2.5 ரெண்டைச் சமாந்தரமாப் பிணைச்சால் 5. எட்டு ஓமுக்கு 4.7 போட்டால் ஏறத்தாழ 4,200 ஹேட்ஸிலை சத்தம் பிரியும், அதுக்கு மேலைதான் ருவீற்றருக்குப் போகும்; 5 போட்டால் 4,000. காது கண்டுபிடியாது. ஆசைப்பட்டு 10 போட்டிடாதேங்கோ. 2,000க்கு இறங்கி, ருவீற்றருக்குள்ளை இருக்கிற மெல்லிய சுருள் கருகும். கப்பாசிட்டருக்குப் பக்கத்திலை செம்புச் சுருளும் இருந்தால் பழைய பெறுமானத்தையே போடுங்கோ. பழைய ஃபானிலை கழட்டினதெண்டால், முதல் ஒரு தடையாலை ரெண்டு கம்பியையும் தொட்டுச் சார்ஜை இறக்கவேணும். நேர், மறை அடையாளம் உள்ள சாதாரண எலெக்ரோலிற்றிக் இதுக்கு ஆகாது.

ருவீற்றரைக் கழட்டேக்கை திருப்புளியை இறுக்கிப் பிடியுங்கோ. எனக்குக் கை சறுக்க, காந்தம் இழுத்து, ருவீற்றரின்ரை பட்டுக் குமிழிலை திருப்புளி பட்டு ஒரு குழி. செலோரேப்பை மெல்ல ஒட்டி இழுக்க, நல்ல காலம், நிமிர்ந்திட்டுது. உலோகக் குமிழெண்டால் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மங்கின பெட்டி தெளிஞ்சுது. மற்றதுக்கும் அதே கப்பாசிட்டரைப் போட்டன், கீறல் போகேல்லை. அதுக்கு 2.2 ஓம், பத்து வாற் தடை ஒண்டைத் தொடரா வைச்சு, 18 ஓம் ஒண்டை ருவீற்றரின்ரை ரெண்டு முனைக்கும் குறுக்காலை போட்டன். மூண்டு டெசிபல் அளவு குறையும். பெட்டியள் ரெண்டையும் சமப்படுத்திறது அவரவர் காது.

சோதிக்க அளவெட்டி தெட்சணாமூர்த்தியின்ரை தவில் போட்டன். தவிலின்ரை வலப்பக்கமான வலந்தலையிலை கூடு போட்ட விரல் விழுகிற சத்தம் ருவீற்றரின்ரை குட்டெல்லாத்தையும் காட்டிக்குடுத்திடும். அடி ஒவ்வொண்டும் தனித்தனியா விழுந்துது. ஆனா பின்னாலை இன்னொருத்தர் தட்டுறமாதிரி ஒரு டக்கு டக்கு. திறந்து பார்த்தால், ஃபான் கப்பாசிட்டர் பலகையிலை முட்டுது. பசை போட்டு ஒட்டிப்போட்டு மூடுங்கோ.