உரிமை இல்லாதவரிடம் நிலம் வாங்கிவிட்டால்: நீலகிரியில் செய்ய வேண்டியவை

கிரையப் பத்திரம் பதிவாகிவிட்டது. பட்டா மாற்றப் போனால், நிலம் விற்றவர் பெயரிலேயே இல்லை என்கிறார்கள். பதிவானதாலேயே விற்றவருக்கு உரிமை வந்துவிடாது. உரிமையைச் சரிபார்ப்பது சார்பதிவாளர் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

படி 1: காகிதம் சேர்ப்பது

வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்குக் குறையாமல், அ-பதிவேடு (கிராம நிலங்களின் வருவாய்ப் பதிவேடு), சிட்டா, புல வரைபடம், தாய்ப்பத்திர (விற்றவருக்கு நிலம் வந்த முந்தைய பத்திரம்) நகல், பணம் போன வங்கிக் கணக்கு விவரம். பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கொடுத்த தொகையை நிரூபிப்பதுதான் பெரும்பாடு.

படி 2: குறை எந்த வகை?

இதைத் தீர்மானிக்காமல் வக்கீலிடம் ஓடினால் தவறான வழக்கில் ஆண்டுகள் போய்விடும்.

கூட்டுப் பட்டா நிலத்தை ஒரு பங்காளி மட்டும் முழுதாக விற்றிருந்தால், அவருடைய பங்கு உங்களுக்கு வரும். பாகப்பிரிவினை வழக்குப் போட்டு அதைப் பிரித்து வாங்கலாம்.

தந்தை உயிரோடு இருக்கும்போதே மகன் தன் சொத்தென்று சொல்லி விற்று, பிறகு அது அவருக்கே வந்து சேர்ந்தால், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 43ஆவது பிரிவின்படி அந்த உரிமையை நீங்கள் கேட்கலாம். உண்மை தெரிந்தே வாங்கியவருக்கு இது கிடையாது.

கூடலூர், பந்தலூர் பக்கம் ‘செக்ஷன் 17 நிலம்’ என்றால் கதையே வேறு. ஜென்மிகள் என்ற பழைய பெருநில உடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் சிக்கிய நிலம் அது. விற்றவர் கையில் இருந்தது பெரும்பாலும் அனுபவம் (நிலத்தைக் கைவசம் வைத்துப் பயன்படுத்துவது) மட்டும்தான், உரிமை அல்ல. அரசோடு மல்லுக்கட்டுவதைவிட விற்றவரிடம் பணத்தைக் கேட்பதே நடக்கிற காரியம்.

படி 3: நோட்டீஸ்

‘வில்லங்கம் ஏதும் ஏற்பட்டால் என் இதர சொத்துக்களைக் கொண்டு நிவர்த்தி செய்து தருகிறேன்’ என்ற வரி பத்திரத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும், வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55(2) பிரிவு அந்தப் பொறுப்பை விற்றவர் தலையில் வைக்கிறது. கிரயத் தொகை, முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வட்டி எல்லாவற்றையும் கேளுங்கள்.

படி 4: பண வழக்கு

பொதுவாக 3 ஆண்டுக்குள் போட வேண்டும். மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். விற்றவர் தன் மற்ற சொத்தைக் கைமாற்றப் பார்க்கிறார் என்றால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனுவையும் சேர்த்துப் போடுங்கள். பிந்தினால் தீர்ப்பு மட்டும்தான் கையில் இருக்கும்.

படி 5: போலீஸ் புகார்

மாவட்ட நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவில் கொடுக்கலாம். 2024 ஜூலை 1க்கு முந்தைய விற்பனைக்கு இந்திய தண்டனைச் சட்டம் 420, பிந்தையதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா 318(4). அடுத்தவர் நிலத்தைத் தன்னுடையது என்று எழுதிக் கொடுப்பது மோசடி. அது மட்டுமே போலி ஆவணம் ஆகிவிடாது. ஆள்மாறாட்டமோ கள்ளக் கையெழுத்தோ இருந்தால்தான் அந்தப் பிரிவுகள் நிற்கும். ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பினால் எஸ்.பி.க்கு எழுதுங்கள், பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போங்கள்.

படி 6: நிலத்தில் போட்ட உழைப்பு

உங்களுடையது என்று நம்பிக் கட்டிய தடுப்புச் சுவர், வைத்த தேயிலைக்கு சொத்துரிமை மாற்றுச் சட்டம் 51ஆவது பிரிவில் மதிப்புக் கேட்கலாம். குறை தெரிந்த பிறகு செய்ததற்குக் கேட்க முடியாது. அன்றோடு மண்வெட்டியைக் கீழே வையுங்கள். கேரட்டோ பூண்டோ நிலத்தில் நிற்கும்போது வெளியேற்றினால், அதை அறுவடை செய்து எடுத்துப் போகவும், அதற்காக வந்து போகவும் அதே பிரிவு இடம் தருகிறது.