கியாந்தி கிளாசிகோ: லேபிளைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

இத்தாலியின் டஸ்கனி பகுதிச் சிவப்பு ஒயினான கியாந்தி கிளாசிகோ பற்றிய எந்தக் குறிப்பை எடுத்தாலும் ‘முந்நூறு ஆண்டுப் பாரம்பரியம்’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். பெயர் அவ்வளவு பழையதுதான், ஆனால் புட்டிக்குள் இருப்பது பழையதல்ல. 1975 அறுவடையில் விதிப்படி செய்த கியாந்தி கிளாசிகோவில் குறைந்தது 10 சதவீதம் வெள்ளைத் திராட்சை இருந்தே ஆக வேண்டும். 1995இல் 2 சதவீதம் போதும். 2015இல் வெள்ளைத் திராட்சையைச் சேர்த்தால் அந்தப் பெயரையே போட முடியாது. விதிப் புத்தகத்தையும் பாரம்பரியத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் மற்ற தவறுகளும் தொடங்குகின்றன.

1716ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று, டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ டி மெதிச்சி நான்கு ஒயின் பகுதிகளுக்கு எல்லை வகுத்து ஆணையிட்டார்: கியாந்தி, பொமீனோ, கர்மிஞ்ஞானோ, மேல் வால்தார்னோ. கண்ட ஒயினையும் இந்தப் பெயர்களில் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்க வேண்டியிருந்தது. எந்த நிலம் என்று சொன்ன ஆணை அது. எந்தத் திராட்சை எத்தனை பங்கு என்ற கணக்கை அதில் தேடக் கூடாது.

கலவை பற்றிய பேச்சு வரும்போது எல்லோரும் பெத்தீனோ ரிகாசோலியைத் துணைக்கு அழைப்பார்கள். ப்ரோலியோ கோட்டையின் பிரபு, ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமர். பல ஆண்டுகள் தன் தோட்டத்தில் சோதனை செய்துவிட்டு 1872இல் பீசா பேராசிரியர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மணமும் வீரியமும் சாஞ்சோவேசே திராட்சையிலிருந்து வருகின்றன, அதன் முரட்டுத்தனத்தைக் கனாயோலோ என்ற இன்னொரு திராட்சை தணிக்கிறது, மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை ஒயினை இலகுவாக்கி அன்றாடம் குடிக்க ஏற்றதாக்குகிறது என்பது அவர் கணிப்பு. இதைத்தான் ‘ரிகாசோலி சூத்திரம்’ என்கிறார்கள். ஆனால் மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு பகுதி அதே கடிதத்தில் இருக்கிறது: நாள்பட வைத்துக் குடிக்க வேண்டிய ஒயினுக்கு மால்வாசியா தேவையில்லை. அவர் சொன்னது இரண்டு வகை ஒயினைப் பற்றி. பின்னால் வந்தவர்கள் அதை ஒன்றாக்கிவிட்டார்கள்.

அந்தப் பிழை 1967இல் சட்டமாகவே ஆனது. டி.ஓ.சி. என்ற, ஒயினின் ஊர்ப் பெயரைக் காக்கும் சட்ட அந்தஸ்தோடு வந்த விதிகள் 10 முதல் 30 சதவீதம் வரை வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கின. அதிலும் மால்வாசியாவோடு திரெபியானோவும் சேர்ந்துகொண்டது. கொத்துக் கொத்தாகக் காய்க்கும், சுவை என்று சொல்ல அதிகம் இல்லாத திராட்சை அது. நிறம் வெளுத்து, உடல் மெலிந்து, சீக்கிரம் கெட்டுப்போகும் ஒயினுக்குச் சட்டமே முத்திரை குத்திக் கொடுத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோரைப் புல் கூடு சுற்றிய குண்டுப் புட்டியில் மலிவாக உலகெங்கும் போய் அந்தப் பெயரைக் கெடுத்தது இந்தக் காலத்துக் கியாந்திதான். புட்டியின் மேல் பழியில்லை. அது நூற்றாண்டுகளாக டஸ்கனியில் புழங்கிய ஃபியாஸ்கோ.

நல்ல ஒயின் செய்ய நினைத்தவர்கள் என்ன செய்தார்கள்? பெயரை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அந்தினோரி குடும்பத்தின் தினியானெல்லோ 1971 அறுவடையிலிருந்து வெறும் ‘மேசை ஒயின்’ என்ற கடைநிலைப் பெயரோடு விற்பனைக்கு வந்தது. 1975 முதல் அதில் வெள்ளைத் திராட்சை அறவே இல்லை. ராத்தாவில் மொந்தேவெர்த்தீனே தோட்டத்தின் செர்ஜோ மனெத்தி 1977இல் லெ பெர்கோலே தோர்த்தேவை முழுக்க முழுக்கச் சாஞ்சோவேசேயில் செய்தார். அந்த மண்ணின் திராட்சையை மட்டும் வைத்து அந்த மண்ணிலேயே செய்த ஒயினுக்கு அந்த மண்ணின் பெயரைப் போட அன்று சட்டம் இடம் தரவில்லை! ஆகவே லேபிளில் அந்தஸ்து குறைவாகத் தெரிகிறது என்று பழைய டஸ்கனி ஒயினை ஒதுக்குவதும் தவறு. 1996இல்தான் நூறு சதவீதச் சாஞ்சோவேசேக்கு அனுமதி கிடைத்தது. 2006 அறுவடையிலிருந்து வெள்ளைத் திராட்சைக்குத் தடை. இன்றைய விதிப்படி சாஞ்சோவேசே குறைந்தது 80 சதவீதம். மீதியில் கனாயோலோ, கொலொரீனோ போன்ற உள்ளூர் வகைகளும் வரலாம், கபெர்னே, மெர்லோ போன்ற பிரெஞ்சு வகைகளும் வரலாம்.

கடைகளில் அதிகம் நடக்கும் தவறு வேறு. ‘கியாந்தி’ சாதாரணம், ‘கியாந்தி கிளாசிகோ’ அதே ஒயினின் உயர்தரம் என்று நினைப்பது. இரண்டும் வேறு வேறு எல்லைகள், வேறு வேறு விதிகள். ஃபிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே ராத்தா, காயோலே, காஸ்தெல்லீனா, க்ரேவே ஊர்களைச் சுற்றிய மலைப்பகுதிதான் கிளாசிகோ. பெயருக்கு மவுசு கூடக் கூட அக்கம்பக்கத்து மாவட்டங்களும் அதைப் போட்டுக்கொண்டன. 1932இல் அரசு அதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்துவிட்டு, பழைய மலைப்பகுதிக்குக் ‘கிளாசிகோ’ என்ற அடைமொழியைத் தந்தது. 1996 முதல் கிளாசிகோ தனி டி.ஓ.சி.ஜி., அதாவது டி.ஓ.சி.க்கும் மேலான சட்ட அந்தஸ்து. அதன் எல்லைக்குள் விளைந்ததைக் கியாந்தி என்று விற்க 2010 முதல் அனுமதியில்லை. வெளிவட்டக் கியாந்தியில் சாஞ்சோவேசே 70 சதவீதம் போதும், வெள்ளைத் திராட்சையும் 10 சதவீதம் வரை சேரலாம். அதற்காக அதை மட்டமென்று தள்ளிவிட வேண்டாம். ஃபிளாரன்ஸுக்குக் கிழக்கே ரூஃபீனா பகுதியின் ஒயின் பல கிளாசிகோக்களை ஓரங்கட்டும்.

கியாந்தி கிளாசிகோ புட்டியில் இருக்கும் கறுப்புச் சேவல் முத்திரையிலும் ஒரு சறுக்கல் உண்டு. இடைக்காலக் கியாந்திக் கூட்டணியின் சின்னம் அது. 1924இல் ராத்தாவில் 33 உற்பத்தியாளர்கள் சங்கம் தொடங்கியபோது அதை எடுத்துக்கொண்டார்கள். நெடுங்காலம் சங்க உறுப்பினர்கள் மட்டுமே ஒட்டிய சின்னம், 2005க்குப் பிறகுதான் எல்லாக் கியாந்தி கிளாசிகோவுக்கும் பொதுவானது. அதற்கு முந்தைய புட்டியில் சேவல் இல்லையென்றால் போலி என்று முடிவு கட்டாதீர்கள். எல்லையை முடிவு செய்ய ஃபிளாரன்ஸும் சியெனாவும் சேவல் கூவியதும் ஆளுக்கொரு குதிரைவீரனை அனுப்பிய கதையும், ஃபிளாரன்ஸ்காரர்கள் பட்டினி போட்ட கறுப்புச் சேவல் விடியுமுன்பே கூவிய கதையும் ரசமானவை. கதையாகச் சொல்லலாம், வரலாறாக எழுத வேண்டாம்.

அடுத்தது ரிசெர்வா. அந்தச் சொல்லைப் பார்த்ததும் சிறந்தது என்று எடுத்துக்கொள்கிறோம். விதி கேட்பது 24 மாதம் முதிர்ச்சி, அதில் மூன்று மாதம் புட்டியில், ஆல்கஹால் குறைந்தது 12.5 சதவீதம். சாதாரண வகையான அன்னாத்தாவுக்கு 12 மாதம், 12 சதவீதம். கவனமில்லாத தோட்டத்தின் ரிசெர்வாவைவிடக் கவனமுள்ள தோட்டத்தின் அன்னாத்தா எப்போதும் மேல். சாப்பாட்டோடு குடிப்பதற்கு என் ஓட்டு அன்னாத்தாவுக்குத்தான். சாஞ்சோவேசேயின் புளிப்பும் துவர்ப்பும் தனியாகக் குடித்தால் உறுத்தும். தக்காளிச் சாறு, ஆட்டுக்கறி, வயதான பெகோரினோ பாலாடைக்கட்டி என்று எதிரே ஏதாவது இருந்தால் அதே குணம் வாயைச் சுத்தம் செய்யும். ‘அறை வெப்பநிலை’ என்பதை நம்மூர் அறையோடு பொருத்திப் பார்க்கவும் கூடாது. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் கணக்கு. ஆகவே அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதில் குற்றமில்லை.

உச்சியில் இருக்கும் க்ரான் செலெசியோனே 2014இல் கடைக்கு வந்த புது வகை. உற்பத்தியாளரின் சொந்தத் தோட்டத்துத் திராட்சை, 30 மாத முதிர்ச்சி, 13 சதவீத ஆல்கஹால். இதைப் பற்றிய பழைய அட்டவணைகளை அப்படியே நம்ப வேண்டாம். லேபிளில் பன்சானோ, லமோலே, ராத்தா என்று 11 உட்பகுதிகளின் பெயரைப் போட இந்த வகைக்கு மட்டும் அனுமதி வந்திருக்கிறது. 2027 அறுவடை முதல் சாஞ்சோவேசே 90 சதவீதமாகிறது, மீதியும் உள்ளூர்த் திராட்சையாகவே இருக்க வேண்டும். அதாவது, இந்த வகையில் கபெர்னேக்கும் மெர்லோவுக்கும் கதவு மூடுகிறது. அந்தப் புட்டிகள் 2030க்கு முன் கடைக்கு வராது. வந்த பிறகும் சில ஆண்டுகளுக்கு இரண்டு விதிப்படி செய்தவையும் ஒரே அலமாரியில் ஒரே பெயரோடு நிற்கும். வாங்குமுன் அறுவடை ஆண்டைப் பாருங்கள்.