வாடகை நின்றால் என்ன செய்வது: ஓசூர் பக்கம் வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்கு

சிப்காட் தொழிற்பேட்டை வேலையை நம்பி ஓசூரில் குடிவருபவர்களுக்குக் கான்ட்ராக்ட் முடிந்தால் வாடகையும் நின்றுவிடும். அப்போது அனுப்பும் நோட்டீஸ் இரண்டு இடத்தில் உதவும்: வீட்டைக் காலி செய்ய வைக்கும்போதும், வராத வாடகையை வருமான வரிக் கணக்கில் கழிக்கும்போதும். பெரும்பாலோர் போனில் திட்டுவதோடு நிறுத்திவிடுவதால் இரண்டையும் இழக்கிறார்கள்.

முதலில் ஒப்பந்தம். 11 மாதம் என்று எழுதினால் பதிவே வேண்டாம் என்பது பாதி உண்மை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கட்டாயம். ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி, 11 மாத ஒப்பந்தத்தையும் 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். அட்வான்ஸுக்குச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. பெங்களூர் வழக்கப்படி பத்து மாதம் வாங்குவதானால் இருவரும் சம்மதித்ததாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

இரண்டு மாதம் பாக்கி விழுந்தவுடன் நோட்டீஸ் அனுப்புங்கள். எந்தெந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலையும் டெலிவரி சான்றையும் பத்திரப்படுத்துங்கள். பிறகும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு. கோபத்தில் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்த வேண்டாம். சட்டம் அதைத் தடை செய்கிறது, நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் புகார் உங்கள் மேல் திரும்பும்.

வராத வாடகையை வரிக் கணக்கில் கழிக்க வேண்டுமானால் வாடகைக்கு விட்டது உண்மையானதாக இருக்க வேண்டும். பாக்கி வைத்த குடித்தனக்காரர் காலி செய்திருக்க வேண்டும் அல்லது காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். உங்களுடைய வேறு வீட்டில் அவர் குடியிருக்கக் கூடாது. வழக்கு போட்டிருக்க வேண்டும், அல்லது போட்டாலும் பயனில்லை என்று காட்ட வேண்டும். பின்னால் பாக்கி வசூலானால் அந்த ஆண்டில் வரி உண்டு, வழக்கமான வாடகையைப் போல அதிலும் 30 சதவீதம் கழியும்.

இனி கணக்கு. மாதம் 12,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 1,44,000. நீங்கள் கட்டிய சொத்து வரி 4,000 போக 1,40,000. பராமரிப்புக்கென்று சட்டம் கழிக்க விடும் 30 சதவீதமான 42,000 போக மிச்சம் 98,000. வீட்டுக் கடன் வட்டி 2,60,000 என்றால் நஷ்டம் 1,62,000. பழைய வரி முறையில் இதைச் சம்பளத்தில் கழிக்கலாம். ஆண்டுக்கு உச்சவரம்பு 2 லட்சம். மீதியை எட்டு ஆண்டு வரை வீட்டு வருமானத்தில் மட்டும் ஈடு செய்யலாம். புதிய முறையில் சம்பளத்தில் கழிக்க முடியாது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தாமதித்தால் புதிய முறைதான், நஷ்டத்தால் சம்பளத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய சலுகை போச்சு.

சொத்து வரி கழிவது நீங்கள் கட்டிய ஆண்டில்தான், குடித்தனக்காரர் கட்டினால் கழியாது. ஆகவே அக்டோபர்-மார்ச் அரையாண்டு வரியை மார்ச் 31 தாண்ட விடாதீர்கள். பெயிண்ட், ஒழுகல், கரையான் மருந்து பில்களைக் கட்டி வைத்துப் பயனில்லை. அந்த 30 சதவீதத்திலேயே எல்லாம் அடக்கம்.

கம்பெனி உங்கள் வீட்டை எடுத்து, மாத வாடகை 50,000 தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (வாடகை தரும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். எடுப்பவர் தனிநபராக இருந்தால் 2 சதவீதம். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. கெய்சர் காயில் சுண்ணாம்பு பிடித்துப் போவதும், குழாய் அடைப்பதும் அடிக்கடி சண்டையாகும். பொதுவாக வயரிங், பைப் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கெய்சர் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. கெய்சர் பழையதென்றால் காயில் செலவு யாருடையது என்று தனியாக எழுதுவதே நல்லது.

காலி செய்பவரிடம் சாவி வாங்கும் அன்று மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் கடைசி பில் அவர் போன பிறகுதான் தெரியும். பாக்கி உங்கள் இணைப்பின் மேல் நிற்கும். அதை மதிப்பிட்டுப் பிடித்துக்கொண்டு, மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் பிடித்தத்தின் விவரத்தோடு கொடுங்கள். அட்வான்ஸ் வருமானமல்ல, ஆனால் வாடகை பாக்கிக்காக அதில் கழித்துக்கொண்ட தொகை வாடகை வருமானம்தான், ரிட்டர்னில் காட்ட வேண்டும்.