சத்திரத்தை வீடாக வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு தம்பதி என்னைத் தேடி வந்தார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை, வயது முப்பதைத் தாண்டியிருக்காது. போனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். ராமேஸ்வரம் போகும் பழைய சாலையோரம் ஒரு சத்திரம். முன்னால் நீளத் திண்ணை, ஆறு கல்தூண், நடுவில் முற்றம், பின்னால் கிணறு. வாசலில் சுமைதாங்கிக் கல்கூட சாயாமல் நிற்கிறது. ‘பாரம்பரிய வீடு, உடனடி விற்பனை’ என்று புரோக்கர் படத்துக்குக் கீழே போட்டிருந்தார்.

“ரிப்பேருக்கு எவ்வளவு சார் ஆகும்?” என்று அந்தத் தம்பி கேட்டார்.

2008-இல் நானும் வாயைத் திறந்ததும் அதைத்தான் கேட்டேன். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். அடுத்தவர்களுக்கு எத்தனையோ வீடு செய்து கொடுத்திருக்கிறேன். எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது ஒரே ஒரு சத்திரம். அது இன்று என்னிடம் இல்லை.

கூரை ஒழுகுகிறதா, கரையான் இருக்கிறதா, மூன்று முனை மின்சாரம் கிடைக்குமா என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே பார்த்துக்கொள்வீர்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை. சத்திரம் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சிமென்ட் பூசுவது

வேண்டாம். காரைச் சுவர் இழுத்த ஈரம் வெளியே வர வழி வேண்டும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல்லைப் பொடியாக்கிவிடும். மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய கட்டைக்குத்துக் கூரையின் மேல் கான்கிரீட் போடுகிறேன் என்கிற மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சாலையை மறப்பது

சத்திரம் என்றால் சாலையை ஒட்டித்தான் இருக்கும். வெயிலில் நடந்து வந்தவன் நாலு எட்டில் திண்ணை ஏற வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டினார்கள். அன்றைக்கு அந்தச் சாலையில் போனது மாட்டு வண்டியும் காவடியும். இன்றைக்கு மணல் லாரி.

இரவில் தூக்கம் வராது என்பதை விடுங்கள், பழகிவிடும். படியை எண்ணிப் பாருங்கள். நான் வாங்கிய சத்திரத்துக்கு ஐந்து படி ஏறிப் போனதாக ஊரில் ஒரு பாட்டி சொன்னார். நான் வாங்கும்போது ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது, கட்டடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஐப்பசி மழையில் சாலைத் தண்ணீர் முழுதும் முற்றத்துக்கு வந்தது. ஐந்து படியும் மண்ணுக்குள் இருக்கின்றன, தோண்டினால் எடுக்கலாம். எடுத்த பிறகு தண்ணீரை எங்கே விடுவீர்கள்?

அகலப்படுத்தும் திட்டம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். திறந்தவெளியில் தேசிய நெடுஞ்சாலையின் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டர் வரை கட்டடம் கூடாது, 75 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு என்பது சாலைப் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் அளவுகோல். சத்திரம் அந்த 40 மீட்டருக்குள் நிற்கும் என்பதற்கு டேப் பிடித்து அளக்க வேண்டியதே இல்லை. நிலம் எடுத்தால் இழப்பீடு வருமே என்பீர்கள். வரும், உரிமையாளருக்கு.

அந்த உரிமையாளர் யார் என்பதில்தான் நான் தோற்றேன்.

விற்கிறவரை உரிமையாளர் என்று நம்புவது

பழைய வீடு ஒன்றை விற்க வந்தால், தாத்தா கட்டினார், அப்பா வாழ்ந்தார், பேரன் விற்கிறான் என்று எடுத்துக்கொள்ளலாம். சத்திரத்தை எந்தத் தாத்தாவும் தன் குடும்பம் குடியிருக்கக் கட்டவில்லை. வழிப்போக்கருக்கும் யாத்திரிகருக்கும் சோறு போட, தங்க இடம் கொடுக்கக் கட்டினார். கட்டியதோடு நிற்காமல், அந்தச் செலவுக்காக நிலத்தையும் எழுதி வைத்தார். தன் வாரிசுகளை அதற்கு நிர்வாகியாக வைத்துவிட்டுப் போனார். அதாவது உங்களிடம் விற்க வந்திருப்பவர் பெரும்பாலும் அந்தத் தர்மத்தின் கணக்குப்பிள்ளையின் பேரன்.

தஞ்சை மராட்டியர் கட்டிய அரசுச் சத்திரங்களை யாரும் விற்க வரமாட்டார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள், கல்லில் சக்கரம் செதுக்கித் தேர் மாதிரி நிற்பது. இரண்டாம் சரபோஜி கட்டியது, சோற்றோடு பள்ளிக்கூடமும் நடந்தது. அந்த வரிசைச் சத்திரங்கள் பிறகு கலெக்டர் நிர்வாகத்துக்குப் போய்விட்டன. மதுரையில் ரயிலடிக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருப்பதும் ஊரறிந்தது. சந்தைக்கு வருபவை சின்னவை: ஒரு செட்டியாரோ மிராசுதாரோ வணிகரோ தன் பங்குக்குக் கட்டிவிட்டவை. ரயில் வந்து, 1914-இல் பாம்பன் பாலமும் திறந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவர் குறைந்துபோனார். அடுப்பு அணைந்தது. அடுப்பு அணைந்தால் தர்மமும் முடிந்துவிட்டது என்று குடும்பங்கள் நினைத்துக்கொண்டன. சட்டம் அப்படி நினைக்கவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். விற்றவர் பெயரில் பட்டா இருந்தது. வீட்டு வரி ரசீது இருந்தது. முப்பது வருட வில்லங்கம் போட்டேன், சுத்தம். மூலப்பத்திரம் என்று அவர் காட்டியது 1974-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினை. என் வக்கீல், பக்கத்து டவுன்காரர், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு “ஓகே” என்றார். அந்தப் பாகப்பிரிவினைக்கு முன்னால் இந்தச் சொத்து குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பதினெட்டு லட்சம் கொடுத்தேன். பழுது பார்க்க ஒன்பது லட்சம். கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டு, சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்து, என் மனைவியின் வளையலை வைத்துச் செய்த வேலை.

விற்றவர் ஒன்று சொன்னார்: “வருஷத்துல ஒரு நாள் சாமி வந்து நிக்கும் சார். அஞ்சு நிமிஷம். உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல.” எனக்கு அது இன்னும் பிடித்துப்போனது. அந்த வருட மாசி மகத்தன்று ராத்திரி பத்து மணிக்குப் பல்லக்கு வந்தது. முன்மண்டபத்துக் கல்மேடையில் இறக்கி வைத்தார்கள். குருக்கள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “கட்டளைதாரர் யாரு?” என்று கேட்டார். நான் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கையைத் தூக்கினேன். எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். ஊரே பார்த்தது. வீட்டுக்காரன் என்று நினைத்துக்கொண்டு, சாமி வந்து நிற்கும் மண்டகப்படிக்குச் செலவு செய்யும் கட்டளைக்குப் பொறுப்பு நான்தான் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறேன்! பின்னால் விசாரணையில் ஊர்க்காரர் ஒருவர் இதை அப்படியே சொன்னார்.

அடுத்தது கல். நிலைக்கு மேலே ஒரு பலகைக் கல், அப்பிய சுண்ணாம்பில் மறைந்து கிடந்தது. 2011-இல் வெள்ளையைச் சுரண்டும்போது மூங்கில் குச்சியால் நானே மெதுவாகச் சுத்தம் செய்தேன். எழுத்து வந்தது. எனக்கு ஆனந்தம். படிக்கவில்லை, படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். முந்நூறு லைக். மறுநாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கூப்பிட்டார். “தம்பி, அந்தக் கல்லுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?” இல்லை ஐயா என்றேன். அவரே படித்தார். இந்தச் சத்திரத் தர்மத்துக்குப் பதினோரு மா நஞ்சை விட்டது. சந்திராதித்தர் உள்ளவரை நடத்திவர வேண்டியது. இதற்கு அகிதம் பண்ணினவன் கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போவான். கடைசி வரியைப் படித்துவிட்டுச் சற்று நிறுத்தினார். “நீங்க எப்படி வாங்கினீங்க?” என்றார்.

மறு வருடம் அறநிலையத் துறை நோட்டீஸ் வந்தது, ஆக்கிரமிப்பாளர் என்று என் பெயரைப் போட்டு. 1959-ஆம் வருட அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவை அப்போதுதான் படித்தேன். சமய நிறுவனத்துக்கோ கட்டளைக்கோ சேர்ந்த அசையாச் சொத்தை ஆணையரின் அனுமதியில்லாமல் விற்றாலும், அடமானம் வைத்தாலும், ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் செல்லாது. செல்லாது என்றால் ரத்து செய்ய வேண்டிய பத்திரம்கூட இல்லை, பத்திரமே இல்லை. இத்தனை வருடம் அனுபவத்தில் இருக்கிறது என்று வாதாடலாமா? 109-ஆம் பிரிவு அதையும் அடைத்துவிடுகிறது: இப்படிப்பட்ட சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது. கோயிலோடு, திருவிழாவோடு ஒட்டாத வெறும் அன்னதானச் சத்திரம் என்றால் அறநிலையச் சட்டத்துக்கு வெளியே வரக்கூடும். ஆனாலும் பொதுத் தர்மம்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி கோர்ட் வாசலுக்குப் போக வேண்டிவரும்.

2016-இல் சாவியைக் கொடுத்தேன். விற்றவரிடம் பணம் இல்லை, மகள் கல்யாணத்தில் கரைந்திருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது, அவருக்கே முழுதாகத் தெரியாது. என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது அந்தப் பட்டா. எப்படி அவர் பெயருக்கு வந்தது என்று பிறகு தேடினேன். கிராமத்தில் எந்த நிலம் யாருடையது என்று எழுதும் பழைய ‘அ’ பதிவேட்டில் ‘சத்திரம், தர்மகர்த்தா இன்னார்’ என்று இருந்தது. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டு வேலையில் பதிவேட்டைப் புதிதாக எழுதியபோது ‘சத்திரம்’ விழுந்துவிட்டது, ‘தர்மகர்த்தா’ விழுந்துவிட்டது, ‘இன்னார்’ மட்டும் மிஞ்சினார். இரண்டு சொல். எனக்கு இருபத்தேழு லட்சம்.

இப்போது பதிவுச் சட்டத்தில் 22-ஏ பிரிவு இருக்கிறது, கோயில் சொத்தைப் பதிய மாட்டார்களே என்பார் புரோக்கர். பதிவு அலுவலகத்துப் பட்டியலில் இருக்கும் சொத்துக்குத்தான் அந்தத் தடை வேலை செய்யும். பட்டியலில் ஏறாமல் தப்பிய சத்திரம்தான் உங்கள் போனுக்கு வருகிறது.

ஆகவே அட்வான்ஸுக்கு முன்னால் இவ்வளவையும் பாருங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டு நகலைத் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். இனாம் நிலமாக இருந்தால் 1860-களில் எழுதிய இனாம் பதிவேடு உண்டு, எழும்பூர் ஆவணக் காப்பகம் வரை போக வேண்டியிருக்கும், போங்கள். இணையத்தில் வில்லங்கம் பெரும்பாலும் 1975-க்கு இந்தப்பக்கம்தான். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைமுறையாகத் தேடச் சொல்லி மனு கொடுங்கள். அறநிலையத் துறையின் சொத்துப் பதிவேட்டில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பாகப்பிரிவினையில் தொடங்கும் மூலப்பத்திரம் மூலப்பத்திரமே இல்லை. குடும்பச் சொத்தானால் முதலில் யாரோ வாங்கியிருக்க வேண்டும், அந்தக் கிரயம் எங்கே?

தர்ம சாசனம் கிடைத்துவிட்டால் நல்ல வக்கீலிடம் கொடுங்கள். ‘விற்கவோ ஒத்தி, தானம் முதலான பராதீனம் செய்யவோ பாத்தியமில்லை’ என்ற வரி இருந்தால் அத்தோடு ஆசையை விட்டுவிடலாம். சில சாசனங்களில் சொத்து குடும்பத்துக்கே, வருடத்துக்கு இன்ன தர்மம் மட்டும் செய்ய வேண்டும் என்றிருக்கும். அதை விற்க முடியும், ஆனால் அந்தத் தர்மச் செலவு சொத்தோடு சேர்ந்து உங்கள் தலையில் வரும். மாசி மகத்துக்குப் பானகமும் சுண்டலும் கொடுத்து நிம்மதியாக இருக்கிற ஒருவரை எனக்குத் தெரியும்.

சாலையோரக் கட்டடத்தில்தான் குடியிருப்பேன் என்றால் வண்டிப்பேட்டை தேடுங்கள். வண்டிக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி நடந்த இடம். லாபத்துக்குக் கட்டியது, அதனால் விற்கவும் வாங்கவும் எளிது. தூண் கொஞ்சம் அழகு குறைவாக இருக்கும்.

வங்கிக் கடன்

கட்டட வயதைக் கேட்டதும் மேனேஜர் சிரிப்பார். கையில் பணம் வைத்துக்கொண்டு போங்கள்.

வாஸ்து

நூறு பேர் படுக்கக் கட்டிய இடத்தில் உங்கள் பூஜை அறைக்கு மூலை பார்க்காதீர்கள்.

புதையல்

எனக்குக் கிடைத்தது உடைந்த அண்டா. உங்களுக்குக் காசு கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும், 1878-ஆம் வருடச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் வரம்பு பத்து ரூபாய்.

அட்வான்ஸ்

இதையெல்லாம் சொல்லி அந்தத் தம்பதியை அனுப்பினேன். கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன்: நிலைக்கு மேலே கல் இருக்கிறதா பாருங்கள், சுண்ணாம்பு மூடியிருந்தால் விரலால் தடவிப் பாருங்கள். நேற்று அந்தப் பெண் கூப்பிட்டார்.

“சார், கல் இருக்கு. எழுத்து கைக்குத் தட்டுப்படுது. புரோக்கர்கிட்ட 1975-க்கு முன்னாடி உள்ள பத்திரம் வேணும்னு கேட்டோம். ரெண்டு நாளா போன் எடுக்கல.”

“அட்வான்ஸ் ஏதாவது கொடுத்தீங்களாம்மா?”

“டோக்கன் இருபத்தஞ்சாயிரம்.”

அதைத் திரும்பக் கேட்க வேண்டாம் என்றேன்.