முண்டு மிளகாய் பூவுக்கு வருவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

வெள்ளைப் பூ விரிந்த பிறகு யாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் அதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே செடி மொட்டுப் பிடித்திருக்கும். மேலுரம், தண்ணீர், மருந்து மூன்றையும் முடிவு செய்ய வேண்டிய நாட்கள் அவைதான். ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினம், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரியாக விதைத்தவர்கள் மார்கழி பிறக்கும் முன்பே பார்க்கத் தொடங்குங்கள். நாற்று நட்டவர்கள் 30ஆம் நாளிலிருந்து பார்க்கலாம்.

1. கவையைத் தேடுங்கள்

மிளகாய்ச் செடி முதலில் ஒற்றைத் தண்டாகத்தான் ஏறும். பூவுக்குத் திரும்பும்போது நுனி இரண்டாகப் பிரியும், சில செடியில் மூன்றாக. முதல் மொட்டு உட்காருவது அந்தக் கவையின் நடுவில்தான்.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். அடித்தண்டில் இலைக் கக்கத்திலிருந்து கிளம்பும் பக்கத் தளிரைக் கவை என்று எண்ணிவிடுகிறார்கள். பக்கத் தளிர் வந்தாலும் நடுத்தண்டு நேராக மேலே போய்க்கொண்டே இருக்கும். உண்மையான கவையில் நடுத்தண்டு அங்கேயே முடிந்து, ஒத்த பருமனில் இரு கிளையாகிவிடும்.

2. மொட்டா, தளிரா?

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். கடற்காற்றில் செடி ஆடிக்கொண்டே இருக்கும், போன் கேமரா குவியாது, அதை நம்பாதீர்கள். காற்று எழும்பாத காலை நேரத்தில் தண்டை இரு விரலால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பாருங்கள்.

தளிர் தட்டையாக, கூர்மையாக, மடித்து வைத்தாற்போல் இருக்கும். மொட்டு உருண்டு, தனக்கென்று ஒரு சிறு காம்போடு நிற்கும். பச்சைப் புல்லி குண்டூசித் தலை போல அதை மூடியிருக்கும். வளர வளரக் காம்பு வளைந்து மொட்டு தலைகவிழும். அதற்குமேல் சந்தேகமே வேண்டாம்.

ஒரு செடியைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வரப்போரம், நடு வயல், பள்ளம் எனப் பிரித்து இருபது செடியாவது பாருங்கள். பாதிச் செடிகளில் கவை விழுந்திருந்தால் வயல் பூவுக்குத் திரும்பிவிட்டது என்று பொருள்.

3. கண்டதும் செய்ய வேண்டியவை

யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். ஆட்டுக்கிடை போட்ட நிலத்தில் இன்னும் கவனம் தேவை: தழைச்சத்து மிஞ்சினால் செடி கருகருவெனப் புதராகும், பூ தள்ளிப்போகும்.

தண்ணீர் வசதி இருந்தால் அளவாக, சீராகக் கொடுங்கள். காயவிட்டுத் திடீரென நிறையப் பாய்ச்சினால் காம்பு மஞ்சளாகி மொட்டு கொட்டும்.

வெள்ளைத் தாளை அடியில் பிடித்து நுனியைத் தட்டுங்கள். பொடிப்பொடியாக ஊர்ந்தால் இலைப்பேன். இலை மேல்நோக்கிச் சுருண்டாலும் அதுதான். கீழ்நோக்கி வளைந்தால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் மருந்து வேறு; சுருட்டை என்று பொதுவாகச் சொல்லிக் கடையில் கேட்காதீர்கள்.

4. பூ உதிராமல் இருக்க

பிளானோஃபிக்ஸ் (பூ உதிர்வைக் குறைக்கும் வளர்ச்சி ஊக்கி) 10 லிட்டர் டேங்குக்கு சுமார் 2.2 மி.லி. நட்ட 60ஆம் நாள் ஒருமுறை, 90ஆம் நாள் ஒருமுறை, வெயில் தாழ்ந்த பிறகு. மூடியால் அளக்காதீர்கள், ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். இதே மருந்து அளவு கூடினால் பூவைக் கொட்டவைக்கும். கடலோரக் கிணற்று உப்புத் தண்ணீரில் கலக்க வேண்டாம். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் நல்லது.

தொட்டியில் வளர்ப்பவர்கள் கேட்பது: முதல் மொட்டைக் கிள்ளலாமா? செடி ஒரு சாண் உயரம்கூட இல்லையென்றால் கிள்ளுங்கள். வயலில் அந்த வேலையே வேண்டாம்.

இன்னொன்று. முண்டு 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு சொந்த விதை எடுப்பவர்களுக்குக் கலப்படம்தான் தலைவலி. இதழ் உதிர்ந்ததும் பிஞ்சைப் பாருங்கள்: முண்டு அப்போதே உருண்டையாக இருக்கும், சம்பா மிளகாய் நீளும். நீண்ட பிஞ்சு வைத்த செடியில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அதிலும் அதை ஒட்டி நிற்கும் செடிகளிலும் விதைக்குப் பழம் எடுக்காதீர்கள்.